அடுப்பு விக்கிற என்ரை மகனுக்கு

தம்பி,

சுகமாய்ப் போய்ச் சேர்ந்தியோ எண்டு கேட்டுத்தான் கடிதம் தொடங்கவேணும். நீ எங்கை போய்ச் சேர்ந்தாய் எண்டே தெரியாமல் நான் என்னத்தைக் கேக்கிறது? கொழும்பு விலாசத்துக்குத்தான் இதைப் போடுறன். நீ அங்கை இல்லாட்டிலும், அந்த அறையிலை இருக்கிற உன்ரை சிநேகிதன் உன்னட்டைச் சேர்ப்பான். நான் சைவப் பள்ளிக்கூடத்திலை அஞ்சாம் வகுப்போடை நிண்டவள். கதைக்கிற மாதிரித்தான் எனக்கு எழுத வரும். எழுத்துப் பிழை பாத்துக்கொண்டிராமல் ஆறுதலாய் இருந்து கடைசி மட்டும் வாசி.

கலியாணம் குழம்பிப் போச்செண்டு கேள்விப்பட்டு நீ வந்து முத்தத்திலை நிண்ட நிலை இப்பவும் என்ரை கண்ணுக்குள்ளை நிக்குது. "ஆரம்மா உங்களுக்குக் கோள் மூட்டினது? பேரைச் சொல்லுங்கோ" எண்டு கேட்டாய். ஒருத்தரும் சொல்லேல்லை எண்டன். "பெத்த தாய் பிள்ளையின்ரை கலியாணத்தைக் குழப்பினதை நான் ஒரு ஊரிலையும் கேள்விப்படேல்லை" எண்டு சொன்னாய். கோப்பையிலை போட்ட புட்டு அப்பிடியே கிடக்கச் சப்பாத்தைக் கொழுவினாய். படலையடியிலை திரும்பி, போட்டு வாறன் எண்டு சொல்லுவாயெண்டு பாத்துக்கொண்டு நிண்டன். "போறன்" எண்டாய். எனக்கு வாய் நீளம் எண்டு உனக்குத் தெரியும், ஒண்டுக்கு ரெண்டாய்க் கதைக்கிறவள். அண்டைக்கு மட்டும் ஊமைச்சி மாதிரி நிண்டனெண்டால், கொப்பர் பக்கத்திலை நிண்டவர். அவருக்கு முன்னாலை சொல்ல ஏலாததைத்தான் இப்ப எழுதிறன். ஓம், நெல்லியடியிலை பெம்பிளை வீட்டுக்குப் போய்க் கலியாணத்தை நிப்பாட்டினது நான்தான். ஏனெண்டதைக் கேள்.

முதல்லை இருந்து வாறன். நீ சீனியர் சோதினை பாஸ் பண்ணிப்போட்டு வீட்டிலை இருந்த காலத்தை நினைச்சுப் பார். எழுதிப் போடாத கந்தோர் இல்லை. மலாயாவுக்கு அனுப்புவமெண்டால், றப்பர் விலை விழுந்து, அங்கை போனவையையே கப்பலேத்தித் திருப்பி அனுப்பின நேரம் அது. கோழி மேய்ச்சாலும் கோறணமேந்து உத்தியோகமாய் மேய்க்கவேணும் எண்டு கொப்பர் சொல்லிச் சொல்லியே கோறணமேந்துக் கோழியும் இல்லை, வெளிக் கோழியும் இல்லையெண்டு இருந்தனீ. தோட்டத்துக்குத் துலாவிலை தண்ணி இறைக்க வாறனெண்டு நீ கேட்ட நாளிலை, "இங்கிலீசு படிச்சவன் துலா மிதிக்கிறதோ, ஊர் சிரிக்கும்" எண்டு மறிச்சதும் அவர்தான். நானும் பக்கத்திலை நிண்டு தலையாட்டினன். அந்த நேரத்திலைதான் வாசிகசாலையிலை பேப்பரைப் பாத்துப்போட்டு மனிசன் வேட்டி தடக்கத் தடக்க ஓடி வந்தார். "நல்ல குடும்பத்தைச் சேர்ந்த, இங்கிலீசு படிச்ச வாலிபர் தேவை. பிரயாண உத்தியோகத்தர் பதவி. திறமைக்கேத்த ஊதியம். உயர்ச்சிக்கு இடமுண்டு" எண்டு குசினி வாசலிலை நிண்டு எனக்குத் தமிழிலை சொன்னார். சம்பளம் எவ்வளவெண்டு போடேல்லையோ எண்டு கேட்டன். "பெரிய இடங்களிலை சம்பளத்தைப் பேப்பரிலை போடாயினம், உனக்கென்ன தெரியும்" எண்டார். எனக்கென்ன தெரியும் எண்டு நானும் தேங்காய் துருவப் போட்டன்.

பேந்து அந்தக் கொம்பனிக்காறர் மறுமொழி எழுதினவை. தேப்பன்ரை பேர் என்ன, பேரன்ரை பேர் என்ன, சொந்தத்துக்குள்ளை வழக்குப் பேசுற புறக்கிராசிமார் ஆர், வாத்திமார் ஆர், எந்தெந்த ஊரிலை பழக்கவழக்கம் எண்டெல்லாம் கேட்டிருந்தது. தம்பி, எங்கடை ஆக்களைத் தவிர வேறை எந்தச் சனமெண்டாலும் அதிலையே சந்தேகப்பட்டிருக்கும். வேலைக்கு எடுக்கிறவனுக்குப் பேரன்ரை பேர் என்னத்துக்கு? கொப்பருக்கு அதைப் பாத்து நெஞ்சு நிமிர்ந்து போச்சு. "குலம் கோத்திரம் விசாரிச்சு ஆள் எடுக்கிற கொம்பனி, கள்ளக் கொம்பனியாய் இருக்குமோ?" எண்டு கேட்டார். கலியாணப் பேச்சுக்கு எழுதிற மாதிரி எங்கடை பரம்பரை முழுக்க எழுதி, என்ரை பக்கத்து ஆக்களையும் விடாமல் சேத்து அனுப்பினார். ஆரார் வீட்டுப் படலை எங்கடை பேருக்குத் திறக்கும் எண்டதை நாங்களே எழுதிக் குடுத்தம். அதுதான் அவங்களுக்கு வேணுமெண்டது எனக்கு இப்ப விளங்குது.

கோட்டுத் தைப்பிச்சம். சாவகச்சேரி ஸ்டேசனிலை உன்னைக் கோச்சி ஏத்த எவ்வளவு சனம் வந்தது. நீ கொழும்பிலை இறங்கி ஒரு மாசமாகேல்லை, நெல்லியடியிலையிருந்து கலியாணப் பேச்சு வந்திட்டுது. பெம்பிளையின்ரை தாய் புருசனில்லாதவ. ஒரே பெட்டை. நல்ல பிள்ளை தம்பி, ஆளைக் கண்டு சிரிக்கிற பிள்ளை. வளவு, நகை எல்லாத்தையும் அவவே முதல்லை சொல்லிப்போட்டு, கடைசியிலை என்னை மட்டும் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒண்டு கேட்டா. "அக்கா, மாசம் முடியக் கைக்கு வாற உத்தியோகந்தானே? தேப்பனில்லாத பிள்ளை. நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை" எண்டா. ஓமெண்டு சொல்லி அவவின்ரை கையைப் பிடிச்சன். அப்ப நான் அதை மெய்யெண்டுதான் நம்பினன். ஆவணியிலை நாள் வைச்சம்.

ஆனி மாசம் என்ரை முழங்கால் வீங்கிப் போச்சு. கொப்பர் என்னை யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலை, திருநெல்வேலியிலை, நாட்டு வைத்தியம் பாக்கிற ஒரு பரியாரியார் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காலமை என்னை அங்கை இருத்திப்போட்டு, பின்னேரம் வந்து கூட்டிறனெண்டு சொல்லி அவர் யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவுக்குப் போட்டார். காலிலை மருந்துப் பத்துப் போட்டு, காயுமட்டும் அசையக்கூடாதெண்டு குசினிக்குப் பக்கத்து அறையிலை என்னைப் பாயிலை கிடத்தியிருந்தது. வாசலுக்குக் கதவில்லை, ஒரு சீலைதான் தொங்கினது. சோளகக் காத்து அடிச்சுப் புழுதி பறக்கிற நாள். அப்ப படலையிலை ஆரோ தட்டிக் கேட்டது. பரியாரியாற்ரை பெண்சாதி போய், "ஆரது?" எண்டா. "அம்மா, கொழும்புக் கொம்பனியிலையிருந்து வாறன். புகையில்லாத மண்ணெண்ணெய் அடுப்பு. வாங்கவேண்டாம், ஒருக்கா எரிச்சுக் காட்டுறன், பாத்தால் காணும்" எண்டு ஒரு குரல் கேட்டது. என்ரை வயித்திலை பிறந்த குரல் எனக்குத் தெரியாதோ? ஆனாலும் நம்பேல்லை. தம்பி கொழும்பிலையெல்லோ, உது வேறை ஆரோவெண்டு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன்.

எங்கடை சனத்தை உனக்குத் தெரியும். முன்பின் தெரியாதவனைக் குசினிக்குள்ளை விடுகினமோ? அந்த மனிசி நல்லவதான், ஆனால் கேக்கிறதைக் கேக்காமல் விடேல்லை. "தம்பி எவடம்?" எண்டா. தென்மராட்சிப் பக்கமெண்டு சொன்னாய். "தென்மராட்சியிலை ஆற்றை பெடியன்?" எண்டா. அப்பதான் நான் கண்ணைத் திறந்தன். கொப்பற்ரை பேர் வரப்போகுதெண்டு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தன். நீ சொன்னாய், "ஒருத்தரும் இல்லையம்மா. தாய் தேப்பன் ரெண்டுபேரும் செத்துப் போச்சினம். சின்னனிலையே கொழும்புக்குப் போட்டன்" எண்டு. தடக்கல் ஒண்டும் இல்லை. தேவாரம் பாடமாக்கின பிள்ளை சொல்லுற மாதிரிச் சொன்னாய். "ஐயோ பாவம், உள்ளுக்கு வா ராசா" எண்டு அவ உனக்குப் படலையைத் திறந்து விட்டா.

சீலை ஓரத்தாலை நான் உன்னைப் பாத்தன். நாங்கள் தைப்பிச்ச கோட்டு, முதுகெல்லாம் வேர்வை ஊறிக் கறுத்துப்போய். குந்தி இருந்து அந்த அடுப்புக்குக் காத்தடிச்சாய். தண்ணி கேட்டு முகத்தைக் கழுவினாய். மெலிஞ்சு போனாய் தம்பி, கழுத்தெலும்பு தெரிஞ்சுது. அவ குடுத்த பாலை வைச்சுக் காய்ச்சினாய். அந்த மனிசி பக்கத்திலை நிண்டு, "தாய் எப்ப மோனை செத்தது?" எண்டு கேட்டா. "நினைவில்லையம்மா, காய்ச்சலெண்டு சொன்னவை" எண்டாய். எழும்பி வந்து கன்னத்திலை ரெண்டு போடவேணும்போலை வந்தது. கட்டிப் பிடிச்சு அழவேணும்போலையும் வந்தது. ரெண்டும் செய்யேல்லை. நான் வெளியிலை வந்தால் நீ பொய்யனாய் அந்தக் குசினியிலை நிப்பாய். அந்த வேலையும் போகும், மானமும் போகும். பத்துக் காயேல்லை, அசையக்கூடாது எண்டு எனக்கு நானே ஒரு சாட்டும் வைச்சிருந்தன்.

கடைசியிலை பரியாரியார் வந்து பாலை ஒரு வாய் வைச்சுப் பாத்துப்போட்டு, "எண்ணெய் மணக்குது. எங்கடை வீட்டுக்கு உது சரிவராது" எண்டிட்டார். நீ அடுப்பைச் சாக்கிலை சுத்தினாய். என்னைச் சாகக் குடுத்தும் உனக்கு ஒரு அடுப்பு விலைப்படேல்லை மோனை.

நீ போனாப் பிறகு அந்த மனிசி வந்து என்ரை பக்கத்திலை இருந்தா. "தாயில்லாத பிள்ளை, பாவம். போன மாசமும் அந்தக் கொம்பனியிலையிருந்து ஒரு பெடியன் வந்தவன், மானிப்பாய்ப் பக்கம். மாசச் சம்பளமில்லை, வித்தால்தான் கமிசனெண்டு சொன்னவன். அவனுக்கும் தாய் தேப்பன் இல்லையாம். அனாதைப் பெடியளாய்ப் பாத்துத்தான் அவங்கள் வேலை குடுக்கிறாங்கள் போலை, புண்ணியவாளர்" எண்டா. அதைக் கேட்டாப் பிறகுதான் உங்களுக்கு ஆரோ சொல்லிக் குடுத்த பாட்டெண்டு விளங்கினது. சொந்தக்காறரிட்டைப் போனால் தேப்பன்ரை பேரைச் சொல்லு, பிறத்தியாரிட்டைப் போனால் தேப்பன் செத்தானெண்டு சொல்லு எண்டு ஒருத்தன் கதிரையிலை இருந்து படிப்பிச்சிருக்கிறான். அவன்ரை தாய் எங்கை இருக்கிறாவோ தெரியாது. பேந்து அவ என்னைக் கேட்டா, "உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?" எண்டு. ஒரு மகன், கொழும்பிலை கந்தோரிலை உத்தியோகம் எண்டு சொன்னன். நீ மட்டும் பொய் சொன்னனீ எண்டு நான் எப்பிடி ஏசுறது?

பின்னேரம் கொப்பர் வந்தார். வண்டியிலை வரேக்குள்ளை மனிசன் வெய்யிலைப் பாத்துப்போட்டு, "தம்பிக்கு உந்தக் கரைச்சல் இல்லை, கந்தோருக்குள்ளை காத்தாடிக்குக் கீழை இருப்பான்" எண்டார். நான் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டன். கால் நோகுதோ எண்டு கேட்டார். ஓமெண்டு சொன்னன். அதே கிழமை உன்ரை கடிதமும் வந்தது, கொழும்பு முத்திரை குத்தி. அங்கை ஒரே மழையாம், கந்தோரிலை வேலை கூடவாம். நீ எழுதிக் குடுக்க உன்ரை சிநேகிதன் போடுறானெண்டு அப்ப பிடிபட்டுது. கொப்பர் அதை வாசிகசாலைக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினார்.

நான் கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்தன். கலியாணத்துக்கு முதல் நீயே வந்து சொல்லுவாயெண்டு இருந்தன். நீ கலியாணக் கூறைச் சீலை எடுக்க எப்ப வரவேணுமெண்டு கேட்டு எழுதினாய். அதுக்கு மேலை எனக்குப் பொறுக்கேல்லை. கொப்பருக்குக் கோயிலெண்டு சொல்லிப்போட்டு நெல்லியடிக்குப் போனன். அந்தத் தாய் என்னைக் கண்டவுடனை கோப்பி போட எழும்பினா. வேண்டாம் பிள்ளை, இரு எண்டு இருத்திச் சொன்னன். மாசச் சம்பளம் இல்லை, வீடு வீடாய் அடுப்புக் கொண்டு திரியிறான், ஒண்டு விலைப்பட்டால் கமிசன், விலைப்படாட்டில் ஒண்டும் இல்லை எண்டன். அவ எழும்பிப் படலையைச் சாத்திப்போட்டு வந்தா. பிறகு, "ஏனக்கா எனக்கு வந்து சொல்லுறியள்? சொல்லாமல் விட்டிருந்தால் கலியாணம் முடிஞ்சிருக்குமே" எண்டா. உன்ரை பிள்ளை உலை வைச்சுப்போட்டு அரிசியில்லாமல் நிக்கிற நாளிலை நான் உன்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது எண்டு கேட்டன். அவ அழுதா. அழுதுபோட்டுச் சொன்னதை உனக்கு அப்பிடியே எழுதிறன். "வேலை இல்லையெண்டு சொல்லி வாறவனுக்கும் நான் பிள்ளையைக் குடுப்பன் அக்கா. எனக்கு வளவு கிடக்கு, கொத்திச் சாப்பிடட்டும். வேலை இருக்கெண்டு சொல்லி வந்தவனுக்கு என்னெண்டு குடுக்கிறது?" அந்தப் பெட்டை உள்ளுக்கை நிண்டு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிண்டது. பரியாரியார் வீட்டுக் கதையை மட்டும் நான் அவைக்குச் சொல்லேல்லை. இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

இனிப் புத்தி சொல்லுறன், தாயெண்டால் சொல்லத்தானே வேணும். நாளைக்கு வேறை ஒருத்தன் இதைவிட வடிவான கதையோடை வருவான். இன்னும் ஆறு மாசம் பொறு, உன்னை மேலாளாய்ப் போடுறன், உனக்குக் கீழை பத்துப் பெடியளை விடுறன் எண்டு இப்ப இருக்கிற கொம்பனிக்காறனே சொல்லியிருப்பான். மேலாளாக்கினாலும் நீ செய்யப்போறது அவங்களுக்கும் தாய் தேப்பனைச் சாக்காட்டப் படிப்பிக்கிறதுதான். மாசம் முடிய என்ன தருவியள் எண்டு முதற் கேள்வியாய்க் கேள். கேட்டவுடனை தோளிலை தட்டிச் சிரிக்கிறானெண்டால் எழும்பி வா. வீடு வீடாய் விக்கிறதை நான் குறையெண்டு சொல்லேல்லை. மயிலிட்டியிலையிருந்து கடகத்தோடை மீன் கொண்டு வாற மனிசியள், தங்கடை ஊரைச் சொல்லி, புருசன்ரை பேரைச் சொல்லி, விலைக்குச் சண்டையும் பிடிச்சுத்தானே விக்கினம். துலா மிதிச்சால் ஊர் சிரிக்குமெண்டு உன்னை மறிச்சம். சிரிச்சால் சிரிச்சிட்டுப் போகட்டுமெண்டு சொல்ல எங்களுக்கு அண்டைக்கு வாய் வரேல்லை. உன்னிலை கிடக்கிற பிழையிலை பாதி எங்கடை வீட்டிலை விளைஞ்சது.

கொப்பருக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. நெல்லியடியார் சீதனத்தைக் குறைக்கப் பாத்தவை, அதுதான் என்ரை மனிசி குழப்பினது எண்டு தானாய் ஒரு கதை கட்டிப்போட்டார். பாவம், அந்தப் பெட்டையின்ரை தாயைச் சந்தியிலை நிண்டு ஏசுறார். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறன், அந்தப் பாவமும் என்ரை தலையிலைதான். நீ வந்து அவருக்கு உன்ரை வாயாலை சொல்லு. கத்துவார், செம்பைத் தூக்கி எறிவார், ரெண்டு நாள் சாப்பிடமாட்டன் எண்டு கிடப்பார். பிறகு எழும்பி வந்து உனக்கு மண்வெட்டி எடுத்துத் தருவார். ஆவணி மழைக்குக் கத்தரி நடலாம், மிளகாய் நடலாம். கலியாணத்தைப்பற்றி ஒருத்தரும் இப்ப கதைக்காயினம். நெல்லியடிப் பிள்ளைக்கு வேறை இடத்திலை பேசுகினமாம். அது நல்லாய் இருக்கட்டும்.

வராட்டிலும் நான் உன்னை வெட்டி விடமாட்டன். சாக்கிலை அடுப்பைச் சுத்திக்கொண்டு நீ எங்கையோ ஒரு படலையிலை நிக்கிறாயெண்டு நினைச்சுக்கொண்டுதான் நான் உலை வைக்கிறன். ஆனால் ஒண்டு கேக்கிறன், மறுக்காதை. ஆற்றை மகனெண்டு கேட்டால், கொப்பற்ரை பேரைச் சொல்ல உனக்குக் கூச்சமெண்டால் சொல்லாமல் விடு. தாய் இருக்கிறாவோ எண்டு கேக்கிற இடத்திலை மட்டும், இருக்கிறா எண்டு சொல்லு மோனை. அந்த அடுப்பு விலைப்படாட்டிலும் போகட்டும்.

உயிரோடை இருக்கிற,
உன்ரை அம்மா